அணு தேடிய லேப்டாப்புக்கு நான் வைத்த பொட்டு

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. (மீதி இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.) ஆறு பேருமே இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள். பெரியவன் முருகன் பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். கடைக்குட்டி செல்வி வெளிநாட்டில் அணு தேடுகிறாள். நடுவில் உள்ளவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிய ஒரு மத்தியானம் ஆகும். எனக்கு மத்தியானங்கள் நிறைய இருக்கின்றன. ஏன் இந்த வயதில் எழுத உட்கார்ந்தேன் என்றால், என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்யாணத்திலும் பந்தி முடிந்து பீடா வாயில் போன உடனே முருகன் அதை எடுத்துவிடுவான். ஒவ்வொரு கல்யாணத்திலும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே வருகிறேன். போன தடவை வேப்பம்பட்டில் சொன்னபோது, நான் ஒரு அணுகுண்டையே அணைத்துவிட்டதாக வந்துவிட்டது. அணைக்கவில்லை. நடந்தது வேறு. செய்தவளே சொல்லிவிட்டால் நல்லது.

முதலில் செல்வியின் வேலையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. "படிப்பு முடிஞ்சுதா, வேலைதானே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு நாள், நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்து தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரொம்ப கனமான அணு தானா எங்கியும் கெடைக்காதும்மா. நாமதான் ஒட்ட வைக்கணும்."

"எதை எதோட?"

"ஒரு கனமான உலோகத்தைத் தகட்டு மேல மெல்லிசா பூசி, சக்கரத்துல மாட்டி சுத்த விடுவோம். அது மேல சுண்ணாம்புல கீற சரக்கை வேகமா அடிப்போம். அடிச்சிகினே இருந்தா, என்னிக்கோ ஒரு நாளு ஒண்ணே ஒண்ணு ஒட்டிக்கும்."

"வெத்தலைல தடவுற சுண்ணாம்பா?"

"அதே வகையறாதான். அதுலயே கொஞ்சம் எடை கூடுன அபூர்வ சரக்கு."

"ஒட்டிக்கினது எவ்ளோ கனம் இருக்கும்? தூக்க முடியுமா?"

"கண்ணுக்கே தெரியாதும்மா."

"அப்புறம் இன்னாடி கனம்?"

"மத்த அணுவோட வச்சுப் பார்த்தா கனம்."

சரி என்று விட்டுவிட்டேன். எங்கள் தெருவிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

அவள் தேடுவது புது அணுவைக்கூட இல்லையாம். ஐசோடோப்பு என்று ஒன்று. பெயர் ஒன்றுதான், குணமும் ஒன்றுதான், எடை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அண்ணன் தம்பி மாதிரி. ஒரு குடும்பத்தில் நாலைந்து பேரைத் தெரியும், நடுவில் ஒருத்தனைக் காணோம், அவனைத் தேடுகிறார்கள். கிடைத்தால் எவ்வளவு நேரம் இருப்பான் என்று கேட்டேன். கண் சிமிட்டுவதற்குள் போய்விடுவானாம்.

"போயிட்டா எப்பிடிடி கண்டுபுடிப்பே அவனை?"

"அவன் ஒடையும்போது ஒரு சின்ன துண்டைத் துப்புவான். துப்பிட்டு வேற ஆளா மாறிடுவான். அந்த ஆளும் துப்பிட்டு இன்னொரு ஆளா மாறுவான். மகன், பேரன்னு வரிசையா போவும். துப்புற வேகத்தை வச்சு பேரன் யாருன்னு எங்களுக்குத் தெரியும். பேரனைத் தெரிஞ்சா தாத்தாவைத் தெரிஞ்சுரும்."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது இதைத்தான் செய்கிறோம். வந்திருக்கிற ஆளை யாருக்கும் தெரியாது. அவன் மருமகன் யார், பேத்தியை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், காப்பி ஆறுவதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதற்கு ஏன் வெளிநாடு போக வேண்டும் என்று மட்டும் புரியவில்லை. (கேட்கவும் இல்லை. பிள்ளை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.)

இன்னும் ஒன்று சொன்னாள். எடை ஏறிக்கொண்டே போனால், அணு உடனே உடையாமல் கொஞ்சம் நிலைத்து நிற்கிற ஓர் இடம் எங்கேயோ இருக்கலாமாம். இந்தக் காணாமல் போனவனைப் பார்த்துவிட்டால், அந்த இடம் எந்தத் திசை என்று கொஞ்சம் பிடிபடுமாம். நிலைத்து நிற்கிற இடம் செல்விக்கே அதுவரை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் ஒரு ஊர், மூன்று வருஷம் இன்னொரு ஊர், பெட்டியைக் கட்டு, கிளம்பு. அப்போது இருந்த இடத்தில் மட்டும், அவர்கள் கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கிற ஒரு அம்மா, "இவன் அகப்பட்டால் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒருத்தன் அகப்பட்டும் இருந்தான். ஆனால் ஒருத்தன் வந்தால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்களாம். இரண்டாவது ஒருத்தன் வர வேண்டும். எந்திரம் அவர்கள் கையில் இருக்கப்போவது இன்னும் சில நாள்தான். அதன் பிறகு வேறு கூட்டத்தார் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தச் சில நாளில்தான் செல்வி எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாள். பாஸ்போர்ட்டில் ஏதோ முத்திரை குத்துவதற்கு வந்தவளை, இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். அதனால் நசரத்பேட்டை வீட்டிலேயே கூடத்து மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முறை பார்த்தாள். எந்திரம் ராத்திரி பகலாக ஓடும். எப்போதும் இரண்டு பேர் கண் அதன் மேல் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவர் அங்கேயே இருப்பார், இன்னொருவர் எங்கேயிருந்தும் பார்க்கலாம். அங்கே இருந்தவர் பெயர் பீட்டர். லேப்டாப்பின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் அவர் முகம் தெரியும். எப்போது பார்த்தாலும் ரொட்டி தின்றுகொண்டிருப்பார். அவருக்கும் செல்வியின் முகம் அப்படியே தெரியுமாம்.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் வயல் கூலியை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டப் போன நாளிலிருந்து, எங்களுக்குத் தீபாவளி இரண்டாம் பட்சம்தான். ஆயுத பூஜைதான் பண்டிகை. சோறு போடுகிற கருவியைக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, பொரி கடலை வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்ட கருவியை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. வருஷம் பூராவும் உழைத்ததற்கு ஒரு நாள் ஓய்வு. மனிதனுக்கு இல்லாவிட்டாலும் கருவிக்கு உண்டு. அவர் போன பிறகு இந்தச் சட்டத்தை நான் நடத்தி வருகிறேன். கொஞ்சம் கண்டிப்பாகத்தான். முருகனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆன வருஷம், மாமனார் வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டிச் செயின் கழன்றுவிட்டது. ஸ்பானர் பூஜையில் இருந்தது. கேட்டான். கொடுக்கவில்லை. புது வேட்டி சட்டையோடு பூந்தமல்லி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். புதுப் பெண்டாட்டி கலா பின்னால் பலகாரத் தூக்கோடு நடந்தாள். இரண்டு பேரும் இன்னும் அதை மறக்கவில்லை.

செல்வி மாட்டிக்கொண்ட வருஷம் பட்டறைப் பூஜை காலையிலேயே முடிந்துவிட்டது. வீட்டுப் பூஜை மத்தியானம். சாமி படத்துக்குக் கீழே பலகை போட்டு, முருகன் அளவு பார்க்கிற வெர்னியர், கலாவின் கத்தரிக்கோல், அரிவாள்மணை, மிக்ஸி ஜார் எல்லாம் அடுக்கினேன். டிவி ரிமோட்டையும் வைத்தேன்.

"அத்தே, ரிமோட்டு ஆயுதமா?" என்றாள் கலா.

"சாய்ங்காலம் அது யார் கைல கீதுன்னு பாரு. அப்பால சொல்லு."

பிறகு எல்லாருடைய போனையும் வாங்கி வைத்தேன். இந்தக் காலத்தில் யார் பிழைப்பு போன் இல்லாமல் நடக்கிறது? முருகன் முனகிக்கொண்டே கொடுத்தான். செல்வியின் போன் சார்ஜில் கிடந்தது, நானே எடுத்துக்கொண்டேன். என்னுடைய பட்டன் போனை மட்டும் வைக்கவில்லை. அது என் சுருக்குப் பையிலேயே இருந்தது. அதில் நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

செல்வி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தலைக்குக் குளிக்கச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"எழுந்து போய் குளிச்சிட்டு வாடி. எண்ணெய் வச்ச தலையோட சாமி முன்னாடி நிப்பியா?"

"முறை முடியட்டும்மா."

"உன் முறை முடிய சாய்ங்காலம் ஆவும். அதுவரிக்கும் சாமி காத்துகினு இருக்குமா?"

அவள் பீட்டரிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். பீட்டர் வாய் நிறைய ரொட்டியோடு தலையாட்டினார். செல்வி எழுந்தாள்.

"பத்தே நிமிஷம். எம்மா, இதைத் தொடாத. சத்தம் வந்தா என்னைக் கூப்புடு. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, போ."

தெரிந்துதான் இருந்தது. தொடக் கூடாது என்றால் தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது என்றுதான் எனக்கு அர்த்தம். பொட்டு வைப்பது தொடுவதில் சேராது. மாட்டுக்குப் பொட்டு வைத்தால் மாட்டைத் தொந்தரவு செய்தோம் என்றா சொல்வோம்?

குளியலறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பலகையைப் பார்த்தேன். எல்லாருடைய கருவியும் இருந்தது. என் கடைக்குட்டியின் கருவி மட்டும் மூலையில் அநாதையாகக் கிடந்தது. அவள் வெளிநாடு போன நாளாக ஒரு வருஷம்கூட அவள் கருவிக்குப் பூஜை நடந்ததில்லை. வருஷக் கணக்கில் சுண்ணாம்பை அடித்தும் ஒரே ஒரு அணுதான் வந்திருக்கிறது என்றால், பூஜை இல்லாமல் எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியது.

லேப்டாப்பை மூடாமல், சாய்க்காமல், கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டுபோய்ப் பலகையில் நடுநாயகமாக வைத்தேன். (ஒயர் நீளமாகத்தான் இருந்தது. அதையும் பார்த்துத்தான் செய்தேன்.) கீழே துணியால் துடைத்தேன். பொட்டு எங்கே வைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. முகம் என்று இருந்தால் நெற்றி என்று ஒன்று இருக்கும். மேலே, நட்டநடுவில். அங்கே தோதாக, உளுந்து மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் புள்ளிகூட இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல.

சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து அந்தப் புள்ளி மேல் அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், பல வருஷத்துப் பாக்கி.

அது கேமரா என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

அங்கே பீட்டர் கண்ட காட்சியைச் செல்வி எனக்குப் பிற்பாடு விவரமாகச் சொன்னாள், பல தடவை. முதலில் செல்வி உட்கார்ந்த இடம் காலி. பிறகு வீடு ஆடியது. அதன் பிறகு ஒரு கிழவி முகம் மிகக் கிட்டத்தில் வந்து மூக்கோட்டை வரைக்கும் தெரிந்தது. ஒரு கட்டை விரல் வந்தது. எல்லாம் வெள்ளையாயிற்று. பிறகு எல்லாம் சிவப்பாயிற்று. அந்த நேரம் பார்த்து முருகன் தேங்காயை ஓங்கி உடைத்தான். அவர் காதில் விழுந்தது ஒரு 'மடேர்'. அதோடு கலா, "ஐயோ, பாத்து! மேல எல்லாம் தெறிக்குது!" என்று கத்தியதும் விழுந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்காது.

அவர் செல்வியின் போனுக்கு அடித்தார். பலகையில் கதம்பத்துக்கு நடுவில் அது பாடியது. முருகன் எட்டிப் பார்த்தான்.

"ம்மா, செல்வி போன் அடிக்குது."

"அடிக்கட்டும். பூஜைல கீது."

நின்றது. உடனே முருகனுடைய போன் பாடியது. அவசரம் என்றால் கூப்பிட அண்ணன் நம்பரையும் அம்மா நம்பரையும் அவள் கொடுத்து வைத்திருந்தாளாம். அது எங்களுக்குத் தெரியாது.

"ம்மா, என்னுது. வெளிநாட்டு நம்பரு மாறி கீதும்மா." கையை நீட்டினான். கையின் மேல் ஒன்று போட்டேன். ஐம்பதைத் தாண்டியவன். பேசாமல் கையை இழுத்துக்கொண்டான்.

அதுவும் நின்றது. நான் கற்பூரத்தை ஏற்றி மணியைக் கையில் எடுத்தேன். இப்போது என் இடுப்பில் இருந்த பட்டன் போன் அடித்தது. அது பூஜையில் இல்லையே, அதனால் எடுத்தேன். ஒரு ஆண் குரல் மூச்சிரைக்க "செல்வி, செல்வி" என்றது.

யாரோ அவளுடன் படித்த பையன், பண்டிகை வாழ்த்துச் சொல்கிறான் என்று நினைத்தேன். "பூஜை நடந்துகினு கீது. அப்பால பண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மணியை மட்டும் ஆட்டிக்கொண்டே சொன்னேன்.

ஆக, தூரதேசத்தில் ஒரு மனிதன், திரை முழுக்கச் சிவப்பு, ஒரு அடி விழுந்த சத்தம், ஒரு அலறல், எடுக்காத இரண்டு போன், மூன்றாவது போனில் மணியடித்துக்கொண்டே என்னவோ சொல்லித் துண்டித்த ஒரு கிழவி, இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இரண்டு பேர் கண் இல்லாமல் எந்திரம் ஓடக் கூடாது. அவன் நிறுத்தினான். பாதி நிறுத்துகிற வழியும் ஒன்று இருந்ததாம். பதற்றத்தில் முழுதாக நிறுத்துகிற பொத்தானில் குத்திவிட்டான்.

உடனே லேப்டாப் கூவ ஆரம்பித்தது. காக்கை கூட்டில் கல் விழுந்த மாதிரி. செல்வி சொன்னது நினைவுக்கு வந்து, நானே குளியலறைக் கதவைத் தட்டி, "ஏண்டி, சத்தம் வருது!" என்றேன். சொன்னபடி கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். முருகன் இதைச் சொல்வதே இல்லை.

தலையில் சீயக்காயோடு, புடவையைச் சுற்றியும் சுற்றாமலும் ஓடி வந்தாள். மூலையைப் பார்த்தாள். லேப்டாப் இல்லை. பலகையைப் பார்த்தாள். சாமந்தி மாலைக்குள் அது கூவிக்கொண்டிருந்தது.

"எம்மா! இன்னாம்மா பண்ணி வச்ச!"

எடுக்கப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

"பூஜைல வச்சதைக் காலைலதான் எடுக்கணும்."

"சுண்ணாம்பு அடிக்கிற பீமு நின்னு போச்சும்மா! எடுக்க வுடு!"

"எது நின்னாலும் காலைலதான்."

"எம்மா, அவனாண்ட பேசணும். என் போன் எங்கே?"

நான் பலகையைக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது.

அப்போது முருகன் வாயைத் திறந்தான். "அவளுக்குக் குடுக்கிறதா இருந்தா எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுக் குடு. எனக்கு ஒரு ஸ்பானர் குடுத்தியா நீ? பூந்தமல்லி வரிக்கும் தள்ளினேன்."

"பலகாரத்தோட நானும் நடந்தேன்" என்றாள் கலா.

"அண்ணே, இப்ப அதுவா முக்கியம்!"

"அன்னிக்கு எனக்கு அதான் முக்கியம்!"

லேப்டாப் கூவிக்கொண்டே இருந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. செல்வி சண்டை போடுவதை விட்டுவிட்டுச் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. சின்னக் குரலில், "அந்த ரெண்டாவதும் வரலேன்னா எனக்கு வேலை இல்லம்மா. திரும்பப் பெட்டி கட்டணும். இனிமே கட்ட எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். தலையிலிருந்து சீயக்காய்த் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

சாமியைப் பார்த்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தேன். அவர் உயிரோடு இருந்தபோதே இந்த மாதிரி நேரத்தில் வாய் திறக்க மாட்டார்.

கற்பூரத் தட்டைக் கீழே வைத்தேன். லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, வடக்குப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினேன்.

"அசைச்சு வச்சிட்டேன். அசைச்சா பூஜை முடிஞ்சுது. எடுத்துக்கோ."

பிறகு முருகன், "இப்பிடி ஒரு ரூலு கீதா?" என்றான்.

"கீது."

"இத்தினி வருசமா எங்கே இருந்துச்சு அது?"

"நீ கேக்கல."

கேட்டான். கேட்டதற்கு அன்று கொடுக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கலா உள்ளே போய்ச் சோற்றுப் பானையை ஓசையோடு இறக்கினாள்.

செல்வி முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். சிவப்பு விலகி அவள் முகம் தெரிந்ததும், அந்தப் பக்கம் பீட்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுதார் என்று செல்வி சொல்கிறாள். ரொட்டி விக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். அவள் உயிரோடு இருப்பதைச் சொன்னாள். எந்திரம்தான் போய்விட்டிருந்தது. அந்தப் பெரிய எந்திரம் முழுதாக நின்றுவிட்டால், மறுபடி பதமாக ஓட மறுநாள் காலை ஆகுமாம். இருந்த கொஞ்ச நாளில் முக்கால் நாள் போயிற்று. ஒரு பொட்டுக்கு.

அன்று சாயங்காலம் பொரி கடலை சாப்பிடவில்லை அவள். நானும் சாப்பிடவில்லை. முருகன் சாப்பிட்டான்.

மறுநாள் தலைவியம்மா எல்லாரையும் கூட்டிப் பேசினார். செல்வி லேப்டாப்பைத் திறந்தாள். நானும் கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ வேணாம்மா" என்றாள். செய்தது நான், பதில் இவள் சொல்வதா? அசையவில்லை.

கட்டம் கட்டமாக முகங்கள். நடுவில் தலைவியம்மா. நரைத்த தலை, கண்ணாடி, என் வயதுக்குக் கொஞ்சம் கம்மி. பொட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"எல்லார் கருவிக்கும் வச்சேன்னு சொல்லு. ஊட்ல அத்தினி பேரு கருவிக்கும் வச்சிட்டு, உன்னுதுக்கு மட்டும் வைக்காம வுட்டா, நாளைக்கு நீ இன்னா நெனைப்பேன்னு சொல்லு. அந்தப் புள்ளி மேல வச்சது தப்பு. அது கண்ணுன்னு எனக்குத் தெரியாது. கண்ணுல யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க. இதையும் சொல்லு."

செல்வி சொன்னாள். நான் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பீட்டரிடம் என்னமோ கேட்டார். பீட்டர் தலை குனிந்துகொண்டார்.

"இன்னா கேக்குறாங்க?" என்றேன்.

செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அங்கே எந்திரத்தின் பெரிய காந்தத்துக்கு ஒரு பழைய கம்பளிக் குல்லா மாட்டியிருக்கிறார்களாம். பழைய ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது மாட்டியது. அது இருக்கும்போது அணு வந்ததாம், அதனால் அதை யாரும் எடுக்கக் கூடாதாம். எந்திரம் நின்ற அன்று அது கீழே விழுந்துவிட்டது, திரும்ப மாட்டியாயிற்றா என்று கேட்கிறாராம்.

நான் தலைவியம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வீடு நடத்துகிறவர்கள் நாங்கள்.

இரண்டாவது ஆள் வந்தான். எந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்துச் சில நாள் கழித்து, எந்திரத்தை ஒப்படைக்கும் முன்பே, செல்வி தூங்கிக்கொண்டிருந்தபோது வந்தான். வந்து, துப்பி, மகனாகி, பேரனாகி, போயே போய்விட்டான். தாத்தா யாரென்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பொட்டு வைத்ததால்தான் வந்தது என்று முருகன் சொன்னான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று செல்வி சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும் என்று எனக்குத் தெரியும்.

செல்வியை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை போட்டார் தலைவியம்மா. வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று செல்வி எந்த ஊரில் இருந்தாலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது, லேப்டாப்பிலும் முறை பார்க்கக் கூடாது. சம்பளத்தோடு லீவு. அங்கே மாட்டியிருக்கிற காலண்டரில் அந்த நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்களாம். அந்தத் தேசத்தில் ஆயுத பூஜைக்கு லீவு வாங்கிக் கொடுத்தது நான்தான். எந்தச் சங்கமும் கொடி பிடித்து வாங்கவில்லை.

இதுதான் நடந்தது. குண்டும் இல்லை, அணைக்கவும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. யார் போன் எடுக்காவிட்டாலும், "அவன் பூஜைல கீறான்" என்பார்கள். கடன்காரனுக்குப் பயந்து எடுக்காத மாப்பிள்ளைக்கும் அதேதான். அங்கே பீட்டரும், முறை பார்க்கிறவர் யாராவது கூப்பிட்ட குரலுக்கு வராவிட்டால், "பூஜா, பூஜா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பார்ப்பாராம். ரொட்டிக்காரருக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். முருகன் மட்டும் அசைத்து வைக்கிற ரூலைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த வருஷம் பூஜை ஆன கையோடு அவன் ஸ்பானரை நானே ஒரு விரற்கடை நகர்த்தி அவன் கையில் கொடுத்தேன். கழற்ற ஒன்றும் இல்லை அவனிடம். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

கை வலிக்கிறது. முருகன் மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஏ நித்யா, இங்க வா. அந்தப் போனைக் கீழ வச்சிட்டு, பாட்டி எழுதினதை மொதல்லேர்ந்து ஒருக்கா படிச்சுக் காட்டு. உங்கப்பன் காதுல வுழுற மாறி சத்தமாப் படி.